சீனிச்சாமியிடம் சொல்லிக்கொண்டு வந்தவள்

எழுபத்தொரு வயதில் சிவகாசியில் வந்து இறங்கிய அந்த நார்வேக்காரிக்கு ராக்னில்ட் என்று பெயர். ஊர் அந்தப் பெயரை இரண்டு நாள் மென்று பார்த்தது. கடைவாய் வலித்ததால் மூன்றாம் நாள் ராக்காயி என்று மாற்றிக்கொண்டது. அவள் கணவர் ஆர்னேயின் பெயரைச் சொல்வதில் யாருக்கும் சிரமம் இல்லை. சிரமமெல்லாம் ராக்காயிக்குத்தான். மாடியில் நின்று அவள் "ஆர்னே" என்று கூப்பிட்டால் தெருமுனை டீக்கடைக்கு அது "அண்ணே" என்றே கேட்டது. கட்டிய புருசனை அண்ணே என்று கூப்பிடும் வெள்ளைக்காரியைப் பார்க்க முதல் வாரம் விருதுநகரிலிருந்தெல்லாம் ஆட்கள் பஸ் பிடித்து வந்தார்கள். வந்தவர்களை எண்ணியவர் யாரும் இல்லை என்பதால் ஆயிரம் பேர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அவர்களுடைய சபை இரண்டு வருட ஊழியத்துக்கு அவர்களை அனுப்பியிருந்தது. ஓய்வு பெற்றவர்கள் நார்வேயில் மீன் பிடிக்கப் போவார்களாம். இவர்கள் இருவரும் கை பிடிக்க வந்தார்கள். ராக்காயி நாற்பது வருடம் நர்ஸாக இருந்தவள். என்றைக்கோ தீயில் வெந்து, ஆறி, தோல் இழுத்து மூடிக்கொண்ட கைகள் அந்தப் பக்கத்து ஊர்களில் உண்டு. அவற்றைத் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பிசைந்து, விரல் விரலாகத் திறந்துவிடுவாள். ஆர்னே எண்ணெய் பாட்டிலைச் சுமப்பார். சும்மா இருக்கும் நேரத்தில் ஞானப்பாட்டு முணுமுணுப்பார். அவருக்குத் தமிழில் பதினோரு வார்த்தை தெரியும். அதில் ஏழு, பலகாரங்களின் பெயர். காதில் மெஷின் வைத்திருந்தார். அது இல்லையென்றால் பக்கத்தில் சரம் வெடித்தாலும் கொட்டாவி விடுவார்.

குடியிருந்தது செய்யது அபுதாஹிர் வீட்டு மாடியில். அவர் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனிகளுக்குப் பேப்பர் வியாபாரம் செய்பவர். அவர் மனைவி சுலைகாதான் ராக்காயிக்குத் தமிழ் வாத்தியார். சுலைகா கையில் பிரம்பு இல்லையே தவிர, மற்றதெல்லாம் இருந்தது.

முதல் மூன்று மாதம் ராக்காயி எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும், புத்தகத்தில் படித்தபடி "நான் போகிறேன்" என்று சொல்லிக் கும்பிடுவாள். கேட்டவர்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். சேதி சுலைகாவுக்கு வந்தது.

"யக்கா, போறேன்னா ஒரேயடியாப் போறதுன்னு அர்த்தம். உங்க ஊர்ல எப்படியோ, இங்கன அப்படிச் சொல்லப்படாது. போயிட்டு வர்றேன். எங்க சொல்லுங்க."

"போயிட்டு வர்றேன்."

"இன்னும் நூறு தடவை சொல்லுங்க. வாசப்படில கால் வைக்கும்போது வாய் தானாச் சொல்லணும்."

ராக்காயி சொன்னதைச் செய்கிறவள். அன்றிலிருந்து அவள் வாசல்களையெல்லாம் அப்படித்தான் தாண்டினாள். தையல்காரரிடம் சொன்னாள். பஸ் கண்டக்டரிடம் சொன்னாள். பல் பிடுங்கிய டாக்டரிடம் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னாள். ஏ.டி.எம். அறையை விட்டு வரும்போது மெஷினைப் பார்த்தும் சொன்னதாக அபுதாஹிர் சத்தியம் செய்கிறார்.

வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு அவள் கை பிசையப் போவது எம். புதுப்பட்டிக்கு. அங்கே சீனிச்சாமி என்பவருக்கு வலது கை மூடிக்கொண்டிருந்தது. பழைய தீயின் புகை தொண்டைக்குள்ளும் போயிருந்ததால், காலி டப்பாவில் மணலைப் போட்டுக் குலுக்கினதுபோல ஒரு குரல் அவருக்கு. அந்தக் குரலிலும் மரியாதை குறையாது. ராக்காயி தெருவில் திரும்பும்போதே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து "வாங்க" என்பார். அந்த "வாங்க" முடிய அரை நிமிடம் ஆகும். தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் அவர் மனைவி வள்ளித்தாய் பசைக் கையோடு எழுந்து தண்ணீர் கொண்டு வருவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சீனிச்சாமி காப்பி குடித்துவிட்டுப் படுத்தார், எழுந்திருக்கவில்லை. சேதி கேட்டு ராக்காயியும் ஆர்னேயும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனார்கள்.

வீட்டுக்கு முன்னால் பந்தல். கொட்டுக்காரர்கள் அடித்த அடியில் ஓடு நான்கு சரிந்தது. சீனிச்சாமி ஐஸ் பெட்டிக்குள் கண்ணாடிக்கு அடியில் கிடந்தார். மூடியிருந்த வலது கையில் மூன்று விரல் திறந்திருந்தன. அந்த மூன்றும் ராக்காயி திறந்தவை. ஆர்னே சத்தம் தாங்காமல் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ராக்காயி வள்ளித்தாயின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஊர்ப் பெண்களோடு பெண்ணாக அழுதாள்.

பிறகு எழுந்தாள். வாசலில் கால் வைத்தாள். வாய் தானாகத் திறந்தது. வள்ளித்தாயைப் பார்த்துக் கும்பிட்டு, வீட்டுக்காரரை விட்டுவிட்டால் மரியாதை இல்லையே என்று ஐஸ் பெட்டியையும் பார்த்துக் கும்பிட்டு, சுலைகா பெருமைப்படும் உச்சரிப்பில் சொன்னாள்:

"அண்ணாச்சி, போயிட்டு வர்றேன்."

கொட்டு நின்றது. ஒப்பாரி நின்றது. வேப்பமரத்துக் காக்கை பாதிக் கரைதலில் வாயை மூடிக்கொண்டது.

இழவு வீட்டில் வருகிறவரை யாரும் "வாங்க" என்று கூப்பிட மாட்டார்கள். கிளம்புகிறவர் யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். எழுந்து, தலையைக் குனிந்து, போய்விட வேண்டும். திரும்ப வருவேன் என்று அங்கே சொன்னால், இன்னொரு சாவுக்கு வருவேன் என்றோ, அந்தச் செத்தவரிடமே வருவேன் என்றோ ஆகிவிடும். இதைச் சுலைகா சொல்லித்தரவில்லை. மூச்சு விடு என்று யாராவது சொல்லித்தருவார்களா?

பக்கத்து வீட்டு வேலுத்தாய் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். அந்த அமைதியில், ஐஸ் பெட்டி இருந்த பக்கத்திலிருந்து, டப்பாவில் மணலைக் குலுக்கினதுபோல ஒரு பதில் வந்தது.

"வாங்க."

நூறு பேர் இருந்த இடத்தில் அது மூன்று பேருக்குத்தான் கேட்டது. ராக்காயிக்குக் கேட்டது. வள்ளித்தாய் வெடுக்கென்று தலையைத் தூக்கினாள். மூன்றாவது ஆள் ஆர்னே. "யார் கூப்பிட்டது?" என்று அவர் நார்வே மொழியில் கேட்டார். காது மெஷின் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

வீடு வந்து சேர்ந்து, நடந்ததைச் சொன்னதும், சுலைகா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"போற இடமெல்லாம் சொல்லச் சொன்னேன். மௌத்தான வீட்டுலயா சொல்லச் சொன்னேன்?"

"நீங்க அப்படிச் சொல்லலையே."

"அதுவும் சரிதான்," என்று தரையில் உட்கார்ந்தாள் சுலைகா. "யா அல்லாஹ். நாந்தான் பாடத்தைப் பாதில விட்டுட்டேன்."

ராக்காயி பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. வெயிலின் வேலை என்று சொல்லிக்கொண்டாள். அந்த ஊர் வெயிலுக்கு அந்தத் தகுதி உண்டு. துணி காயப்போடப் போனால் துணியோடு ஆளும் காய்ந்துவிடும். ஆனால் மறுநாள் புதன்கிழமை, உச்சிப்பொழுதில், தெருவில் நாய்கூட நிழலை மடித்து வைத்துக்கொண்டு படுத்திருந்த நேரத்தில், மாடிப்படியின் அடியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அரை நிமிடம் நீண்ட குரல்.

"வாங்க."

அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். படியில் யாரும் இல்லை. கீழே சுலைகா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் மடியில் இருந்த பூனை மட்டும் உடம்பைப் பெருக்கிக்கொண்டு படியையே பார்த்தது. பூனை இரண்டு பூனை அளவுக்கு இருந்தது.

அதன் பிறகு தினமும் பன்னிரண்டு மணிக்கு. வெள்ளிக்கிழமை குரல் மூன்றாவது படிக்கு ஏறியிருந்தது. சனிக்கிழமை ஏழாவது படி. ராக்காயி கதவைச் சாத்திவிட்டு முழங்கால் போட்டாள். ஜெபம் வந்தது; ஆமென் வரவில்லை. அந்த இடத்தில் வாய் "வர்றேன்" என்று சொல்லப் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். தன்னைப் பற்றி அவள் பெரிதாகப் பயப்படவில்லை. என்னைத்தானே கூப்பிடுகிறார், சொன்னவள் நான்தானே என்று நினைத்திருந்தாள்.

திங்கட்கிழமை குரல் கதவுக்கு வெளியே வந்து நின்று கூப்பிட்டது. ஜன்னலோரம் காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஆர்னே, தலையைத் திருப்பி, கரிசல் மண்ணில் பிறந்து வளர்ந்த ஆள்போலப் பதில் சொன்னார்.

"இந்தா வாரேன், அண்ணாச்சி."

அவருடைய பதினோரு வார்த்தையில் இவை எதுவும் கிடையாது.

ராக்காயி எழுந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். "யாரிடம் பேசினீர்கள்?" என்று அவர்கள் மொழியில் கேட்டாள். "நான் பேசினேனா?" என்று அவர் சிரித்தார். ஐம்பது வருடம் கூடவே வாழ்ந்தவரின் சிரிப்பு அவளுக்குத் தெரியாதா? அந்தச் சிரிப்பு நார்வேயில் வாங்கினது இல்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் உச்சிப்பொழுதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை சுலைகா ஒரு வார்த்தை கேட்கக் கூப்பிட்டாள் என்று கீழே போனவளுக்கு, இரண்டு நிமிடப் பேச்சு முக்கால் மணி ஆனது. ஏறி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. காது மெஷின் மேஜையில் கிடந்தது. செருப்பு கதவோரத்தில் இருந்தது. எண்ணெய் பாட்டில் மட்டும் இல்லை.

அபுதாஹிர் சாப்பாட்டில் கை வைக்கப்போனவர், வைக்காமல் டி.வி.எஸ். வண்டியை உதைத்தார். ராக்காயி பின்னால் ஏறினாள். அந்த வண்டி அதற்கு முன் மாட்டுவண்டியைக்கூட முந்தியதில்லை. அன்றைக்கு மூன்று லாரி, ஒரு கம்பெனி வேன், ஒரு கல்யாண ஊர்வலம் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு போனது. புதுப்பட்டிக்குப் பாதி வழியில் டவுன் பஸ் எதிரே திரும்பி வந்தது. கண்டக்டர் ராக்காயியைப் பார்த்ததும் பஸ்ஸை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"ஐயாவை இப்பத்தான் இறக்கிவிட்டேம்மா. கூட வந்தவரும் இறங்கிட்டாரு."

"கூட யாரு?"

கண்டக்டர் யோசித்தார். முகம் மெதுவாக வெளுத்தது. "ரெண்டு டிக்கெட் எடுத்தாரு. பக்கத்து சீட்ல ஆள் இருக்குன்னு யாரையும் உக்கார விடல. ஆளை… நான் பாக்கலைம்மா."

வள்ளித்தாயின் வீட்டில் பந்தலைப் பிரித்திருந்தார்கள். உள்ளே சீனிச்சாமியின் கட்டிலில் ஆர்னே உட்கார்ந்திருந்தார். வலது கையை முன்னால் நீட்டியிருந்தார். விரல்கள் மூடியிருந்தன, மூன்றைத் தவிர. ராக்காயி ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள். விரல் அசையவில்லை. தோல் சொரசொரவென்று, அவளுக்கு நன்றாகப் பழகிய தழும்புபோல இருந்தது. எத்தனை வியாழக்கிழமை பிசைந்த கை.

சுவரோரம் வள்ளித்தாய் நின்றுகொண்டிருந்தாள். வேலுத்தாய் வாசலோடு நின்றுவிட்டாள். உள்ளே வர அவளுக்கு மனசில்லை. அபுதாஹிர் தெருவிலேயே வண்டியோடு நின்று ஓதிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யணும்? சொல்லுங்க," என்றாள் ராக்காயி.

"நீ வர்றேன்னு சொன்ன. அவரு வாங்கன்னுட்டாருன்னு வள்ளி அன்னைக்கே சொன்னா," என்றாள் வேலுத்தாய். "சொல் கட்டிக்கிருச்சு. உனக்குப் பதிலா உன் வீட்டு ஆளு கிளம்பிருச்சு. கூப்பிட்டவரே அவரு வாயால வர வேண்டாம்னு சொன்னாத்தான் கட்டு அவுரும்."

வள்ளித்தாய் கசப்பாகச் சிரித்தாள். "அது ஆகாது. அடுப்படிக்குள்ள நல்ல பாம்பு வந்தப்பக்கூட வாங்க, இருங்கன்னு சொன்ன மனுசன். வர வேண்டாம்னு ஒருத்தரைப் பாத்து அவரு சொன்னதே இல்ல."

ராக்காயி அசரவில்லை. நாற்பது வருடம் ஆஸ்பத்திரியில், மருந்து குடிக்க மாட்டேன் என்ற கிழவர்களையெல்லாம் பார்த்தவள். மரியாதைக்காரர் வர வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால், விருந்தாளி மோசமாக இருக்க வேண்டும். சுலைகா கூடாது கூடாது என்று சொல்லித்தந்த அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். கால் மேல் கால் போட்டு, செருப்புக் காலைக் கட்டிலுக்கு நேராக நீட்டினாள்.

"வாங்க," என்றது குரல். ஆர்னே உட்கார்ந்திருந்த இடத்திலிருந்துதான் வந்தது. ஆர்னேயின் உதடு அசையவில்லை.

வள்ளித்தாய் கொடுத்த தண்ணீரைத் தள்ளிவிட்டாள். "இந்த வீட்டுத் தண்ணி நாத்தம்," என்றாள். வாசலில் வேலுத்தாய் காதைப் பொத்திக்கொண்டாள்.

"இருங்க," என்றது குரல்.

"உங்க வீடு சின்ன வீடு. கட்டில் கோணல். நீங்க குடுத்த காப்பி கழுநீர்." சொல்லச்சொல்ல அவள் கண்ணிலிருந்து நீர் ஓடியது. இடது கையால் வள்ளித்தாயின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, வலது கையை நீட்டி வைதாள். அப்படி ஒரு மோசமான விருந்தாளி தென்மாவட்டங்களில் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

"சாப்பிட்டீகளா?" என்றது குரல்.

ஆர்னேயின் திறந்திருந்த மூன்று விரல்களில் ஒன்று மெதுவாக மூடிக்கொண்டது.

அப்போது வள்ளித்தாய் கையிலிருந்த செம்பைத் தரையில் வீசினாள்.

"சாப்பிட்டீகளாவா? நான் ஒம்பது நாளாச் சாப்பிடல, ஒரு வார்த்தை கேட்டீரா? நாப்பத்தி நாலு வருசம். வர்றவன் போறவன் நாய் நரிக்கெல்லாம் வாங்க, வாங்க. இந்தா இங்கன பசைச் சட்டிக்கு முன்னால உக்காந்திருந்தேனே, வள்ளி, இங்க வான்னு ஒருநாள், ஒரே ஒருநாள் கூப்பிட்டீரா? போகும்போதாவது சொன்னீரா? காப்பியக் குடிச்சிட்டுச் சொல்லாமப் போனீரு. இப்ப வெள்ளைக்காரனுக்குப் பாய் விரிக்கீரு. கூப்பிடும். எம்புட்டுப் பேரைக் கூப்பிடணுமோ கூப்பிடும். உமக்கு வெக்கமா இல்ல?"

குரல் வரவில்லை. ஆர்னேயின் கை தளர்ந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து விரலும் விரிந்தன. தழும்பு இல்லாத, வெள்ளை வெளேரென்ற, வயசான சொந்தக் கை. அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, காதைத் தடவி, "என் மெஷின் எங்கே? நாம் எப்போது இங்கே வந்தோம்?" என்று நார்வே மொழியில் கேட்டார். ராக்காயி அவரைக் கட்டிக்கொண்டாள். "ஆர்னே, ஆர்னே" என்று அவள் அழுததை வேலுத்தாய் போய்ச் சொல்லி, அண்ணே கதை புதுப்பட்டியிலும் பரவியது வேறு விஷயம்.

அவர் தோளுக்கு மேலாக ராக்காயி வள்ளித்தாயைப் பார்த்தாள். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றிருந்தாள். புதுப்பெண்போல முந்தானையைச் சரிசெய்தாள்.

"என்ன?" என்றாள் ராக்காயி.

"வாங்க இல்லக்கா," என்றாள் வள்ளித்தாய் மெதுவாக. "வா-ன்னாரு."

கண்கள் தரையில் எதையோ தேடின. தன் செருப்பைத்தான் தேடுகிறாள் என்று ராக்காயிக்குப் புரிய ஒரு நொடி ஆனது. சொல் அவிழவில்லை. ஆள்தான் மாறியிருந்தது. ஆர்னேயைக் கூட்டிக்கொண்டு, எதுவும் சொல்லாமல், தலையைக் குனிந்து அந்த வாசலைத் தாண்டிவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் சொன்ன நாக்கு அவளுடையது.

ஆர்னேயைத் தெருவில் நின்ற அபுதாஹிரிடம் ஒப்படைத்துவிட்டு, உள்ளே போய் வள்ளித்தாயின் இரண்டு கையையும் பிடித்து உட்கார வைத்தாள். வருடக்கணக்காகப் பெட்டி ஒட்டிய விரல்கள், பசை காய்ந்து அட்டைபோல இருந்தன. ஆர்னே கொண்டுவந்திருந்த எண்ணெயை ஊற்றிப் பிசையத் தொடங்கினாள். வள்ளித்தாயின் தலை குரல் வந்த பக்கம் திரும்பும்போதெல்லாம், அது காதில் விழக் கூடாதென்று சத்தமாகப் பேசினாள். தமிழில் பேசினால் சீனிச்சாமியும் பேச்சில் கலந்துகொள்வார் என்று பயந்து நார்வே மொழியில் பேசினாள்.

அன்று மூன்று மணி வரை பேசினாள். வள்ளித்தாய் எழுந்திருக்கவில்லை.

அதிலிருந்து வியாழன் மட்டும் என்பது போய் தினமும் உச்சிப்பொழுதில் ராக்காயி புதுப்பட்டிக்கு வந்தாள். சபைக்கு எழுதி ஊழியத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டச் சொன்னாள். வெறும் பேச்சு அலுத்துப்போனதால் வள்ளித்தாய்க்குப் பாடம் நடத்தினாள். தண்ணீருக்கு வான் என்றாள், கைக்கு ஹோன் என்றாள். சாப்பாட்டுக்கு மாட் என்றபோது வள்ளித்தாய்க்குச் சிரிப்பு வந்தது; "மாட்டையா திம்பீக?" என்றாள். சீனிச்சாமி செத்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். நாக்கில் பசை ஒட்டாதவள். இரண்டே மாதத்தில், ஆர்னே இரண்டு வருடத்தில் படித்த தமிழைவிட அதிகமாக நார்வே மொழி படித்தாள். உட்கார், எழுந்திரு, போ, வா எல்லாம் வந்தது. வா என்பதற்கு அங்கே கொம் என்பார்கள். "கொம், கொம்," என்று கோழியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். கோழிக்குப் புரிந்தது.

குரலும் நின்றுபோயிருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கட்டில் மட்டும் ஒருமுறை கிரீச்சென்னும், யாரோ பாடம் கேட்க எழுந்து உட்கார்ந்ததுபோல. இரண்டு பேரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காற்று தெருவையே தூக்கிக்கொண்டு போகப் பார்த்த நேரத்தில், பாடத்துக்கு நடுவே கட்டில் கிரீச்சென்றது. பிறகு, டப்பாவுக்குள் மணல் நகர்ந்தது. பழக்கமில்லாத வார்த்தையை வாயில் உருட்டிப் பார்க்கிறவர்போல, நிதானமாக, மரியாதையாக, அரை நிமிடத்துக்கு.

"கொ…ம்."

ராக்காயியின் கை வள்ளித்தாயின் கைக்குள் அப்படியே நின்றது. அவள் மொழியில் வா-வுக்கும் வாங்க-வுக்கும் அந்த ஒரே சொல்தான். ஒருத்தியைக் கூப்பிட்டாலும் அதுதான், இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டாலும் அதுதான்.

"யாரைக்கா கூப்பிடுறாரு?" என்று கிசுகிசுத்தாள் வள்ளித்தாய். "உங்களையா, என்னையா?"

"தெரியல. அந்த வார்த்தைல அது தெரியாது."

வள்ளித்தாய் காலியாக இருந்த கட்டிலைப் பார்த்தாள். பிறகு எண்ணெய்க் கையால் ராக்காயியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பச் சரி. யாரைன்னு தெளிவாச் சொல்லட்டும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் எந்திரிக்க வேண்டாம். நீங்க அடுத்த வார்த்தையச் சொல்லுங்க."